வட்டியில்லா வங்கிக்கு ரிசர்வ் வங்கி ஏன் தயங்குகிறது? ஆம்பூர் வாசகருக்கு ஒரு பதில்

கேள்வி: ஆம்பூரில் காலணி மேற்பாகம் தைத்துக் கொடுக்கும் சிறு பட்டறை வைத்திருக்கிறேன். 12 லட்சத்துக்குப் புது இயந்திரங்கள் வேண்டும். கையில் 8 லட்சம் இருக்கிறது. வட்டிக்கு வாங்க மனம் ஒப்பவில்லை. இஸ்லாமிய வங்கிக்கு அனுமதி கேட்டு ரிசர்வ் வங்கிக்கு அனுப்ப எங்கள் மகல்லாவில் (பள்ளிவாசல் சார்ந்த குடியிருப்பில்) கையெழுத்து சேர்க்கிறார்கள். மலேசியாவிலும் இங்கிலாந்திலும் இருப்பதை இங்கே ஏன் மறுக்கிறார்கள்? மனு கொடுத்தால் பலன் உண்டா? இதற்கிடையில் ஒரு நிறுவனம் ‘ஹலால் முதலீடு’ என்று சொல்லி மாதம் 2.5 சதவீதம் இலாபப் பங்கு தருவதாகக் கூறுகிறது. 8 லட்சத்தை அதில் போட்டுப் பெருக்கி இயந்திரம் வாங்கலாமா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு, கடைசிக் கேள்விக்கே முதலில் பதில் சொல்கிறேன், அதுதான் அவசரம். அந்த 8 லட்சத்தை அங்கே போடாதீர்கள்.

நீங்கள் போடும் பணத்தின் மேல் மாதம் 2.5 சதவீதம் என்று முன்கூட்டியே நிர்ணயித்தால், அதற்கு என்ன பெயர் வைத்தாலும் அது வட்டிதான். ஒருவர் பணம் போட மற்றவர் தொழில் நடத்தும் முளாரபா என்ற இஸ்லாமிய ஒப்பந்தத்தில் பேசவேண்டியது இலாபத்தைப் பிரிக்கும் விகிதம். வரும் இலாபத்தில் உங்களுக்கு 60, தொழில் நடத்துபவருக்கு 40 என்று பேசலாம். இலாபம் கூடினால் உங்கள் பங்கும் கூடும், இலாபமே இல்லாத மாதத்தில் உங்களுக்கு ஒன்றும் வராது. போட்ட முதலில் இத்தனை சதவீதம் என்று பேசிவிட்டால் மார்க்கச் சட்டப்படியே அந்த ஒப்பந்தம் செல்லாது. நாட்டுச் சட்டமும் அதற்கு எதிராகத்தான் நிற்கிறது. மாதம் 2.5 என்றால் வருடத்துக்கு 30 சதவீதம். பொதுமக்களிடம் வைப்புத்தொகை வாங்க ரிசர்வ் வங்கி அனுமதித்த நிதி நிறுவனம்கூட வருடத்துக்கு 12.5 சதவீதத்துக்கு மேல் தரக்கூடாது.

‘நாங்கள் வைப்புத்தொகை வாங்கவில்லை, உங்களைக் கூட்டாளியாகச் சேர்க்கிறோம்’ என்று அவர்கள் சொல்லக்கூடும். அந்த வார்த்தையைக் கேட்டால் இன்னும் எச்சரிக்கையாக இருங்கள். 2019-ஆம் ஆண்டின் ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத்திட்டத் தடைச் சட்டத்தில், கூட்டாண்மை நிறுவனத்துக்குக் கூட்டாளிகள் போடும் மூலதனம் ‘வைப்புத்தொகை’யில் சேராது, அதாவது அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம். பெங்களூரில் 2019 ஜூனில் சரிந்த ஐ.எம்.ஏ. நிறுவனம் பணம் போட்டவர்களைக் கூட்டாளிகள் என்று எழுதிக்கொண்டுதான் வசூல் செய்தது. ஏறத்தாழ 4,000 கோடி ரூபாய் பிரச்சினை அது. பணத்தை இழந்தவர்களில் பெரும்பாலோர் உங்களைப் போல வட்டியை விட்டு விலகி நிற்க விரும்பிய நடுத்தரக் குடும்பத்தினர். அனுமதி பெற்ற வழி எதுவும் கண்ணில் படாததால்தான் இப்படிப்பட்டவர்களிடம் கூட்டம் சேர்கிறது. ரிசர்வ் வங்கியின் தயக்கத்துக்கு மக்கள் கொடுக்கும் விலை இது.

அந்த நிறுவனத்தை எடைபோட மூன்று தாள்கள் கேளுங்கள். ரிசர்வ் வங்கிப் பதிவுச் சான்று, அதில் ‘பொதுமக்களிடம் வைப்புத்தொகை பெறலாம்’ என்ற அனுமதி, தணிக்கை செய்த கடந்த மூன்று வருடக் கணக்கு. பதிவு இருந்தாலே வைப்புத்தொகை வாங்கலாம் என்று பொருளில்லை. பெரும்பாலான நிதி நிறுவனங்களுக்கு அந்த அனுமதி கிடையாது. ரிசர்வ் வங்கியின் ‘சாச்செட்’ இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைத் தேடிப் பார்க்கலாம், புகாரும் தரலாம். ஏற்கெனவே பணம் கொடுத்தவர்கள் தெரிந்தால், 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வைப்பீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பொருளாதாரக் குற்றப்பிரிவை அணுகச் சொல்லுங்கள். நிறுவனம் இன்னும் பணம் தந்துகொண்டிருக்கும்போதே புகார் செய்தால்தான் முடக்குவதற்குச் சொத்து மிஞ்சும்.

இனி ரிசர்வ் வங்கியின் தயக்கத்துக்கு வருவோம். பேச்சு புதிதல்ல. ரிசர்வ் வங்கி 2005-ல் ஆனந்த் சின்ஹா தலைமையில் ஒரு பணிக்குழு அமைத்தது. நடப்பிலிருக்கும் சட்டத்தில் வங்கிகள் இதைச் செய்ய இடமில்லை என்றது அது. 2008-ல் ரகுராம் ராஜன் தலைமையிலான நிதித்துறைச் சீர்திருத்தக் குழு, வட்டியில்லா நிதிச்சேவைக்கு வழி காணவேண்டும் என்றது. 2015 டிசம்பரில் தீபக் மொஹந்தி குழு, வழக்கமான வங்கிகளுக்குள்ளேயே வட்டியில்லாச் சேவைக்கென்று தனிச் சாளரம், அதாவது தனிப் பிரிவு, திறக்கலாம் என்று பரிந்துரைத்தது. 2016-ல் ரிசர்வ் வங்கியே நிதியமைச்சகத்துக்கு எழுதி, சிக்கல்கள் இருப்பதால் படிப்படியாகச் சாளர முறையில் தொடங்கலாம் என்றது. 2017 நவம்பரில் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டவருக்கு அதே ரிசர்வ் வங்கி, இந்த யோசனையை மேற்கொண்டு தொடர்வதில்லை என்று பதில் தந்தது. எல்லாக் குடிமக்களுக்கும் வங்கிச் சேவையைப் பெற விரிவான, சமமான வாய்ப்பு இருக்கிறது என்பதைக் காரணமாகச் சொன்னது.

அந்தக் காரணம் கேள்விக்குப் பதிலாகாது என்பது என் உறுதியான கருத்து. வங்கியின் வாசல் திறந்திருப்பதை யாரும் மறுக்கவில்லை. உள்ளே விற்கும் சரக்கு தனக்கு ஆகாதது என்பவருக்குத் திறந்த வாசலைக் காட்டி என்ன பயன்? அரசியலமைப்பும் இதற்குத் தடை இல்லை. கேரள அரசின் தொழில் வளர்ச்சிக் கழகம் அல்பரகா என்ற வட்டியில்லா நிதி நிறுவனத்தில் பங்கெடுப்பதை எதிர்த்து சுப்பிரமணியன் சுவாமி தொடுத்த வழக்கை, கேரள உயர்நீதிமன்றம் 2011-ல் தள்ளுபடி செய்தது. மதச்சார்பின்மைக்கு அதனால் பங்கமில்லை என்பது தீர்ப்பு. அந்த முயற்சியின் தொடர்ச்சியாக, கொச்சியின் சேரமான் நிறுவனம் 2013-ல் ரிசர்வ் வங்கியிடம் நிதி நிறுவனப் பதிவு பெற்றது.

உண்மையான முட்டுக்கட்டை 1949-ஆம் ஆண்டின் வங்கி ஒழுங்குமுறைச் சட்டம். உங்கள் இயந்திரத்தையே வைத்துப் பார்ப்போம். முராபஹா முறையில் வங்கி அந்த இயந்திரங்களை 12 லட்சத்துக்கு விற்பனையாளரிடம் வாங்கித் தன் உடைமையாக்கிக்கொள்கிறது. பிறகு உங்களுக்கு 13,68,000 ரூபாய்க்கு விற்று, 36 மாதம், மாதம் 38,000 என்று வாங்கிக்கொள்கிறது. கூடுதலான 1,68,000 வங்கியின் விற்பனை இலாபம். இடையில், வங்கியின் கையில் சரக்கு இருக்கும் நேரத்தில், கிடங்கில் தீப்பிடித்தால் நட்டம் வங்கிக்கு. அந்த அபாயத்தை ஏற்பதால்தான் அது வியாபாரம். ஆனால் சட்டத்தின் 8-ஆம் பிரிவு, வங்கி நேரடியாகவோ மறைமுகமாகவோ சரக்கை வாங்கி விற்கக்கூடாது என்கிறது. தன்னிடம் அடமானமாக இருப்பதை விற்றுக் கடனைத் தீர்த்துக்கொள்வது போன்றவற்றுக்குத்தான் விலக்கு. மக்கள் பணத்தை வைத்துக்கொண்டு வங்கி பதுக்கலிலும் சூதாட்ட வியாபாரத்திலும் இறங்கிவிடக்கூடாது என்ற நல்ல நோக்கத்தில் வந்த பிரிவு அது. முராபஹா அதில் அகப்பட்டுக்கொண்டது.

வரியும் சேர்ந்துகொள்கிறது. கடனுக்கான வட்டிக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. விற்பனை விலையாக எழுதினால் அந்த 1,68,000-க்கும் ஜி.எஸ்.டி. உண்டு. ஜி.எஸ்.டி. பதிவுள்ள பட்டறைக்கு உள்ளீட்டு வரியாகத் திரும்பும், பதிவில்லாதவருக்குக் கைப்பணம்.

வீட்டுக்கு வந்தால் சிக்கல் இரட்டிப்பு. 50 லட்சம் வீட்டில் நீங்கள் 10, வங்கி 40 என்று கூட்டாக வாங்கி, வங்கியின் பங்குக்கு வாடகை கொடுத்தபடி அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்வது குறையும் முஷாரகா. இதற்கு 15, 20 வருடம் ஆகும். 9-ஆம் பிரிவோ, தன் சொந்த உபயோகத்துக்கு இல்லாத அசையாச் சொத்தை வங்கி 7 வருடத்துக்கு மேல் வைத்திருக்கக்கூடாது என்கிறது. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம். முதல் கிரயத்தில் 4.5 லட்சம் போகும். வங்கியின் 40 லட்சப் பங்கு உங்கள் பெயருக்கு மாறும்போது மறுபடி 3.6 லட்சம். வட்டிக்கு வீடு வாங்குபவர் முதலாவதை மட்டுமே கட்டுகிறார். இங்கிலாந்து இந்த இரட்டைத் தீர்வையை 2003-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்திலேயே நீக்கிவிட்டது. அடுத்த வருடமே அங்கே முதல் முழு இஸ்லாமிய வங்கி திறந்தது.

வைப்புத்தொகைப் பக்கம் இன்னும் நுட்பமானது. சட்டத்தின் 5-ஆம் பிரிவு, திருப்பித் தரவேண்டிய பணத்தைத்தான் வைப்புத்தொகை என்கிறது. முளாரபாக் கணக்கில் நட்டம் வந்தால் பணம் போட்டவரின் முதலே குறையலாம். அப்படியானால் அது வைப்புத்தொகையா, முதலீடா? 5 லட்சம் ரூபாய் வரையான வைப்புத்தொகைக் காப்பீடு அதற்கு உண்டா? ஒரு மத்திய வங்கிக்கு இதைவிடத் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வி இல்லை. ‘என் பணம் 8 லட்சம் 7 லட்சமாகிவிட்டது’ என்று கிளை வாசலில் கூட்டம் கூடினால், அது பக்கத்து வங்கிக்கும் பரவும். இந்த அச்சத்தில் நியாயம் உண்டு, அதை மனுவில் கேலி செய்யாதீர்கள். இங்கிலாந்து இதற்கும் வழி கண்டது. முழுத்தொகையையும் திரும்பப் பெறும் உரிமை சட்டப்படி வாடிக்கையாளருக்கு உண்டு. மார்க்கக் காரணத்துக்காக, நட்டத்தை நிரப்பும் அந்தத் தொகையை வேண்டாம் என்று மறுக்கவும் அவருக்கு உரிமை உண்டு.

பிறகு வங்கியின் கையிருப்பு. வைப்புத்தொகையில் ஒரு பகுதியை ரிசர்வ் வங்கியிடம் ரொக்கமாக வைக்கும் சி.ஆர்.ஆர். பற்றிக் கவலை வேண்டாம், அதற்கு ரிசர்வ் வங்கி 2007 முதல் வட்டி தருவதில்லை. வங்கி தன்னிடமே கட்டாயமாக வைத்திருக்கவேண்டிய எஸ்.எல்.ஆர். என்ற 18 சதவீதம்தான் இடிக்கிறது. அதை அரசுக் கடன் பத்திரமாகவோ தங்கமாகவோ பணமாகவோ வைக்கவேண்டும். பத்திரம் வட்டி தரும், மற்றவை சும்மா கிடக்கும். 18 சதவீதத்தைச் சும்மா வைக்கும் வங்கி போட்டியில் நிற்காது. ஒரு நாள் மாலை பணம் குறைந்தால் மற்ற வங்கியிடமோ ரிசர்வ் வங்கியிடமோ ஓரிரவுக்கு வாங்குவதும் வட்டிக்குத்தான். மலேசியா 1983-ல் இஸ்லாமிய வங்கிச் சட்டத்தைக் கொண்டுவந்தபோதே வட்டியில்லா அரசு முதலீட்டுச் சான்றிதழுக்கும் தனிச்சட்டம் இயற்றியது அதனால்தான். 1994-ல் வங்கிகளுக்கு இடையிலான தனிச் சந்தையையும் அமைத்தது. பக்கத்தில் இலங்கை 2005-ல் வங்கிச் சட்டத்தைத் திருத்தி வழிவிட்டது. அமானா வங்கி 2011-ல் செயல்படத் தொடங்கியது.

ரிசர்வ் வங்கியின் மனப்போக்குக்கும் ஓர் உதாரணம் உண்டு. வட்டியில்லாத் தவணை என்ற விளம்பரங்களைத் தடுத்து 2013 செப்டம்பரில் அது அனுப்பிய சுற்றறிக்கை, பூஜ்ய வட்டி என்ற கருத்தே கிடையாது என்றது. வட்டியை வேறு கட்டணத்துக்குள் ஒளித்து வாடிக்கையாளரை ஏமாற்றுவதைத் தடுக்க வந்த நல்ல அறிக்கைதான் அது. ஆனால் ‘வட்டி இல்லை’ என்று யார் சொன்னாலும் எங்கே ஒளித்தாய் என்று தேடும் பார்வை அதில் தெரிகிறது. முராபஹா அந்தப் பார்வையைத் தாண்டித்தான் வரவேண்டும்.

இவ்வளவு தடைகளையும் எண்ணிய பிறகு, பலரும் பார்க்காத ஒரு பிரிவைச் சொல்கிறேன். அதே சட்டத்தின் 53-ஆம் பிரிவு. ரிசர்வ் வங்கி பரிந்துரைத்தால், எந்த வங்கிக்கோ எந்த வகை வங்கிகளுக்கோ இந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவும் பொருந்தாது என்று மத்திய அரசு அரசிதழில் அறிவிக்கலாம். அதற்காகச் சட்டத்தைத் திருத்தவேண்டியதில்லை. 6-ஆம் பிரிவின் கடைசி உட்கூறும், வங்கிகள் செய்யத்தக்க புதிய தொழிலை மத்திய அரசு அறிவிக்க இடம் தருகிறது. இயந்திரக் குத்தகைத் தொழில் வங்கிகளுக்கு வந்தது அந்த வழியில்தான். 1994 முதல் வங்கிகள் அதைத் தாமே நடத்தலாம். குத்தகை, தவணைக் கொள்முதல் போன்றவற்றுக்கு மொத்தக் கடனில் 10 சதவீதம் என்று ரிசர்வ் வங்கி எல்லை வைத்தது. ஆகவே ‘சட்டம் தடுக்கிறது’ என்பது பாதி உண்மை. சட்டத்தின் பூட்டுக்குச் சாவி ரிசர்வ் வங்கியின் பரிந்துரை. 2016-ல் அந்தச் சாவியை எடுக்கப் போன கை 2017-ல் பின்வாங்கியது.

அதனால் உங்கள் மகல்லா மனுவை மாற்றி எழுதச் சொல்லுங்கள். ‘இஸ்லாமிய வங்கியை அனுமதியுங்கள்’ என்று பத்தாயிரம் கையெழுத்தோடு போனால், ‘கொள்கை முடிவு’ என்று ஒரு வரியில் திரும்பும். குத்தகையை முதலில் கேளுங்கள், அது இஜாரா என்ற இஸ்லாமிய வாடகை முறைக்கு மிக அருகில் இருப்பது. வங்கி இயந்திரத்தை வாங்கி உடைமையாக வைத்து, வாடகைக்கு விட்டு, முடிவில் தனி ஒப்பந்தத்தில் விற்பது. இன்றைய குத்தகையில் மூன்று இடங்கள் மாறினால் போதும்: குத்தகைக்கு எடுத்தவரின் தவறில்லாமல் இயந்திரம் அழிந்தால் வாடகை நிற்கவேண்டும், காப்பீட்டுச் செலவு உடைமையாளரான வங்கியைச் சேரவேண்டும், தாமதக் கட்டணம் வங்கியின் வருமானமாகாமல் தர்மத்துக்குப் போகவேண்டும். ஒரு பொதுத்துறை வங்கியின் சில கிளைகளில், மூன்று வருடச் சோதனையாக, வைப்புத்தொகையைத் தொடாமல் இதை மட்டும் கேட்டால், நான் மேலே சொன்ன 5, 9-ஆம் பிரிவுகளும் காப்பீடும் குறுக்கே வராது. முராபஹா அடுத்த படி, அதற்கு 8-ஆம் பிரிவிலிருந்து 53-இன்கீழ் விலக்கு கேட்கவேண்டும். ‘மார்க்கத்துக்கு உட்பட்டதா என்று யார் தீர்மானிப்பது’ என்ற கேள்வி நிச்சயம் வரும். ரிசர்வ் வங்கி மார்க்கத் தீர்ப்பு சொல்லவேண்டியதில்லை. வங்கி தன் செலவில் அறிஞர் குழு வைத்து அதன் கருத்தை வெளியிடட்டும், ரிசர்வ் வங்கி பாதுகாப்பை மட்டும் பார்க்கட்டும் என்று மனுவிலேயே எழுதிவிடுங்கள். ‘பங்கு இலாபக் குத்தகைச் சாளரம்’ என்பது போலப் பொதுப்பெயர் வைத்து, எம்மதத்தவரும் பயன்படுத்தலாம் என்று சேர்ப்பது நல்லது. கந்துவட்டியில் சிக்கியவர்கள் எல்லா ஊரிலும் எல்லா மதத்திலும் இருக்கிறார்கள்.

மனுவின் முகவரி ரிசர்வ் வங்கி மட்டுமல்ல. பரிந்துரை அங்கிருந்தும், அறிவிக்கை நிதியமைச்சகத்தின் நிதிச்சேவைகள் துறையிலிருந்தும் வரவேண்டும். இரட்டை முத்திரைத்தீர்வை மாநிலத்தின் கையில். இந்திய முத்திரைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவின்படி தமிழ்நாடு அரசே குறைக்கலாம், எனவே அந்தப் பக்கத்தைத் தனியாக எழுதி உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் கொடுங்கள்.

இனி உங்கள் பட்டறை. இதற்கெல்லாம் காத்திருக்க உங்களால் முடியாது. விற்பனையாளரிடமே ரொக்க விலை ஒன்று, தவணை விலை ஒன்று கேளுங்கள். 8 லட்சம் முன்பணம், மிச்சம் 18 மாதத்தில் என்று பேசி, ஒரே விலையை விலைப்பட்டியலில் எழுதவைத்து, தாமதமானால் தொகை ஏறாது என்று குறிப்பிடச் செய்தால், அது சரக்கு விற்பனைதான். வங்கியில்லாமல் நடக்கும் இதற்கு 8-ஆம் பிரிவு கிடையாது. கவனம்: விற்பனையாளர் நிதி நிறுவனத்தின் படிவத்தை நீட்டினால் அது கடனாகிவிடும். படிவத்தில் யாருக்கு நீங்கள் பாக்கி என்று பாருங்கள்.

முடியாவிட்டால் 4 லட்சம் போடும் பங்காளியைத் தேடலாம். இலாப விகிதத்தை உழைப்பையும் சேர்த்து எப்படியும் பேசலாம், நட்டம் மட்டும் போட்ட மூலதனத்தின் விகிதத்தில், அதாவது இரண்டுக்கு ஒன்று என்றுதான் பிரியவேண்டும். அவர் பங்கை எப்போது, எந்த மதிப்பீட்டில் நீங்கள் வாங்குவீர்கள் என்பதையும் இன்றே எழுதுங்கள், பெரும்பாலான சண்டை அங்கேதான் வருகிறது. ஆனால் கையெழுத்திடுமுன் கணக்காளரைப் பாருங்கள். தனியாள் தொழிலாக இருக்கும்வரை உங்கள் வருமான அடுக்குக்கு ஏற்ற வரி. கூட்டு நிறுவனமானால் கூட்டாளிச் சம்பளம் போக மிஞ்சும் இலாபத்துக்கு முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதம். சிறிய பட்டறைக்கு அது வட்டியைவிடக் கனமாக இருக்கலாம்.

சில ஊர்களில் பைத்துல்மால் என்ற ஊர்ப் பொது நிதி, நகையின்மேல் வட்டியில்லாமல் தருகிறது. ஒரு இலட்சம், இரண்டு இலட்சம் குறைந்தால் அதுவே போதும். கடன் எடுக்காமல் கிடைக்கும் இயந்திர மானியம் உங்கள் தொழிலுக்கு உண்டா என்று திருப்பத்தூர் மாவட்டத் தொழில் மையத்திலும் கேட்டுவிடுங்கள்.

மனு அனுப்பும் அதே வாரத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தில் இரண்டு தகவல் உரிமை விண்ணப்பங்களையும் போடுங்கள். ரிசர்வ் வங்கிக்கு ஒன்று: வட்டியில்லா வங்கிச் சாளரம் பற்றி ரிசர்வ் வங்கிக்குள் அமைந்த துறைகளிடைக் குழுவின் அறிக்கை நகல், 53-ஆம் பிரிவின்கீழ் பரிந்துரை எப்போதாவது பரிசீலிக்கப்பட்டதா என்ற கோப்புக் குறிப்பு. நிதிச்சேவைகள் துறைக்கு இன்னொன்று: 2016 கடிதத்துக்கு அமைச்சகம் அனுப்பிய பதிலின் நகல். ‘ஏன்’ என்று கேட்காதீர்கள், கருத்து கேட்பதாகச் சொல்லி மறுத்துவிடுவார்கள். தாளைக் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ மறுத்தாலோ, அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குக் கட்டணம் இல்லை.